தண்ணீர் வந்தது, நிலம் கெட்டது!
பாலைவன மணலுக்கு அடியில் ஒளிந்திருந்த வெள்ளைத் தளம்

பாலைவனத்தில் பயிர் வாடினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். தண்ணீர் இல்லை, வாடிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால், பாலைவனத்தில் தண்ணீர் அதிகமாகிப் பயிர் அழுகியது என்றால் நம்புவீர்களா? மணல் காட்டில் வயல்கள் ஏரியாக மாறின என்றால் நம்புவீர்களா?

இது கதை அல்ல. நம் நாட்டிலேயே, ராஜஸ்தானில் நடந்தது. காரணத்தைத் தேடிப் போனவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை, பூமியைத் தோண்டினார்கள். மணலுக்கு அடியில் இருந்தது குற்றவாளி.

மணல் காட்டுக்கு வந்த கால்வாய்

ராஜஸ்தானின் மேற்கே பரந்து கிடக்கிறது தார் பாலைவனம். அதன் பரப்பு சுமார் 2 லட்சம் சதுர கிலோ மீட்டர். தமிழ்நாட்டை விடப் பெரியது!

பிகானீர் சமஸ்தானத்தில் என்ஜினீயராக இருந்தவர் கன்வர் சேன். "இமயமலையில் இருந்து வரும் ஆற்று நீரை இந்த மணலுக்குக் கொண்டு வர முடியும்" என்பது அவருடைய திட்டம். 1948-ல் அந்தத் திட்டத்தை அவர் முன்வைத்தார்.

1958 மார்ச் 31-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. பஞ்சாபில் பியாஸ் நதியும் சட்லெஜ் நதியும் கூடும் இடம் ஹரிகே. அங்கே உள்ள அணையில் இருந்து கால்வாய் புறப்பட்டது. 1961-ல் முதல் தண்ணீர் ராஜஸ்தான் வயலில் பாய்ந்தது. திறந்து வைத்தவர், அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்.

வேலை தொடர்ந்தது. இன்று பிரதான கால்வாயின் மொத்த நீளம் 649 கிலோ மீட்டர். முதலில் அதற்கு ராஜஸ்தான் கால்வாய் என்று பெயர். பிறகு இந்திரா காந்தி கால்வாய் ஆயிற்று.

தண்ணீர் வந்ததும் பாலைவனம் பச்சையாயிற்று. கோதுமை விளைந்தது. பருத்தி விளைந்தது. கடுகு பூத்தது. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மைல் கணக்கில் நடந்த பெண்களுக்கு ஊரிலேயே தண்ணீர் கிடைத்தது. ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்த குடும்பங்கள் நிலம் வாங்கிக் குடியேறின.

இத்தனை நன்மையையும் மறக்கக் கூடாது. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

கால் புதைந்தது!

கால்வாய் வருவதற்கு முன்பு பல இடங்களில் நிலத்தடி நீர் 40, 50 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. அதுவும் உப்பு நீர். கால்வாய் வந்தபின் அந்த நீர்மட்டம் மேலே ஏறத் தொடங்கியது. பல இடங்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வீதம் ஏறியது.

முதலில் யாரும் கவலைப்படவில்லை. "நீர்மட்டம் ஏறினால் நல்லதுதானே?" என்று நினைத்தார்கள்.

ஏறிய தண்ணீர் நிற்கவில்லை. பயிரின் வேரைத் தொட்டது. பிறகு தரைக்கே வந்துவிட்டது.

வயலில் கால் வைத்தால் புதைந்தது. காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. விதை முளைக்கவில்லை. மண் சுவர்களில் ஓதம் ஏறியது. வீடுகள் விரிசல் கண்டன.

ஹனுமான்கட் மாவட்டத்தில் படோபல் என்று ஓர் ஊர். அந்த வட்டாரத்தில் தண்ணீர் ஏரியாகவே தேங்கியது. பாலைவனத்தில் நீர்ப்பறவைகள் வந்து இறங்கின! பறவைகளுக்குக் கொண்டாட்டம். நிலத்தை இழந்த விவசாயிக்கு?

என்ன காரணம்? தண்ணீர் ஏன் கீழே போகாமல் நின்றது? மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்குமா?

அதற்குப் பதில் சொல்ல மூன்று சாட்சிகள் உண்டு. ஒன்று, ஆய்வுக்கூடம். இரண்டு, வானிலைக் கணக்கு. மூன்று, நிலத்தின் அமைப்பு. மூன்றையும் சேர்த்து விசாரித்தால்தான் ஒரு மண்ணின் ஜாதகம் தெரியும்.

முதல் சாட்சி: ஆய்வுக்கூடம்

மண்ணைச் சோதிக்கிறவர் மேல் மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய்விட மாட்டார். முதலில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டுவார். குழியின் சுவரைப் பார்ப்பார்.

அந்தச் சுவர் ஒரே நிறமாக இருக்காது. மேலே பழுப்பு மணல் இருக்கும். கீழே போகப் போக வெண்மையான கட்டிகள் தென்படும். இன்னும் கீழே சில இடங்களில் மண்வெட்டியே இறங்காது. வெள்ளையாக, இறுகிய தளம் ஒன்று குறுக்கே நிற்கும்.

ஒவ்வோர் அடுக்கில் இருந்தும் மண் எடுத்துப் பையில் போட்டு, எவ்வளவு ஆழம் என்று சீட்டு ஒட்டி, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போவார்கள்.

அங்கே முதல் பரிசோதனை மிகவும் எளியது. உயரமான கண்ணாடிக் குழலில் மண்ணையும் நீரையும் கலக்கி வைப்பார்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களி படிய ஒரு நாளும் ஆகும். எது எவ்வளவு என்று அளந்துவிடலாம். பாலைவனத்து மேல் மண்ணில் மிகப் பெரும் பகுதி மணல்தான். களி கொஞ்சம். மட்கிய இலை, தழைச் சத்து மிகவும் கொஞ்சம். அதனால்தான் அந்த மண் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை.

அடுத்து அந்த வெள்ளைக் கட்டிகள். வெள்ளையாய் இருப்பதெல்லாம் சுண்ணாம்பா?

கட்டியின் மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விடுவார்கள். 'புஸ்' என்று நுரைத்தால் அது சுண்ணாம்புச் சத்து. நம் ஊரில் கிணறு வெட்டும்போது கிடைக்குமே, சுக்கான்கல், அந்த இனம்.

நுரைக்காமல் வெள்ளையாகவே கிடந்தால்? அது ஜிப்சமாக இருக்கலாம். அந்த மண்ணைத் தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, தெளிந்த நீரில் அசிட்டோன் என்ற திரவத்தை ஊற்றுவார்கள். ஜிப்சம் இருந்தால் தெளிந்த நீர் பால் போலக் கலங்கும். ரகசியம் வெளிப்பட்டுவிடும்.

கல்லுக்குள் தண்ணீர்

ஜிப்சம் நமக்குப் புதிய பொருள் அல்ல. கை ஒடிந்தால் போடுகிறார்களே மாவுக்கட்டு, அந்த மாவு ஜிப்சத்தைச் சுட்டு எடுத்ததுதான். சிமெண்டில் அது சேர்கிறது. களர் நிலத்தைத் திருத்த நம் விவசாயிகள் மூட்டை மூட்டையாகப் போடுவதும் அதுவே.

அதில் ஒரு விசித்திரம் உண்டு. பார்த்தால் உலர்ந்த கல். ஆனால் 100 கிராம் சுத்தமான ஜிப்சத்துக்குள் சுமார் 21 கிராம் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது!

இது ஆய்வுக்கூடத்தையே ஏமாற்றக் கூடியது. மண்ணில் ஈரம் எவ்வளவு என்று அறிய, அதை 105 டிகிரி சூட்டில் அடுப்பில் உலர்த்தி எடை பார்ப்பது வழக்கம். சாதாரண மண்ணுக்கு அது சரி. ஜிப்சம் உள்ள மண்ணை அப்படிச் சுட்டால் கல்லுக்குள் கட்டுண்ட நீரும் ஆவியாகப் போகும். "இந்த மண்ணில் ஈரம் ஏராளம்" என்று பொய்க் கணக்கு வரும். அந்த நீர் பயிரின் வேருக்கு எட்டாத நீர். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் இந்த மண்ணைக் குறைந்த சூட்டிலேயே பொறுமையாக உலர்த்துகிறார்கள்.

இரண்டாம் சாட்சி: வானிலைக் கணக்கு

இந்த வெள்ளைத் தளம் மண்ணுக்குள் எப்படி வந்தது? வானிலைக் கணக்கைப் புரட்டினால் தெரியும்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. பாலைவன நகரமான ஜெய்சல்மேரில் ஏறக்குறைய 200 மில்லி மீட்டர்தான். அதுவும் ஒரு சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும்.

ஆனால் வெயில் உறிஞ்சக் கூடிய நீர் எவ்வளவு? பெய்யும் மழையைப் போலப் பல மடங்கு! 2016 மே 19-ந் தேதி அந்தப் பாலைவனத்து ஊரான பலோடியில் வெயில் 51 டிகிரியைத் தொட்டது.

வரவு எட்டணா, செலவு பத்து ரூபாய் என்றால் குடும்பம் என்ன ஆகும்? மண்ணின் கதியும் அதுதான்.

மழை நீர் கொஞ்ச தூரம் மண்ணுக்குள் இறங்கும். போகும் வழியில் சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு போகும். அதற்குள் வெயில் அந்த நீரை மேலே இழுத்துவிடும். நீர் போகும், கரைந்தது அங்கேயே தங்கிவிடும். அடுத்த மழையில் மீண்டும் அதே கதை. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள்!

இதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சுண்ணாம்பு தண்ணீரில் அரிதாகவே கரையும். அது முதலில் படிந்துவிடும். ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாகக் கரையும். அது அடுத்துப் படியும். சமையல் உப்போ லிட்டருக்கு 350 கிராமுக்கு மேல் கரையும். அது கடைசியில்தான் படியும்.

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கடல் நீரை வெயிலில் காய வைக்கும்போது, உப்பு விளைவதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். உப்பளப் பாத்தியில் நடப்பதுதான் பாலைவன மண்ணுக்குள்ளும் நடக்கிறது.

மூன்றாம் சாட்சி: நிலத்தின் அமைப்பு

இனி, நிலத்தைப் பார்ப்போம்.

தார் பாலைவனம் முழுவதும் ஒரே மணல் மேடு என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. மேடு உண்டு, இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளமும் சமவெளியும் உண்டு. பழைய காலத்தில் பள்ளங்களில் நீர் தேங்கி, வற்றி, ஜிப்சத்தை விட்டுச் சென்றிருக்கிறது. பிறகு காற்று மணலை வாரிக் கொண்டு வந்து அதன் மேல் போர்வையாகப் போர்த்திவிட்டது. நாகவுர், பிகானீர் பக்கங்களில் ஜிப்சம் சுரங்கமாகவே கிடைக்கிறது.

மேட்டில் மணல் போர்வை தடிப்பு. பள்ளத்தில் மெல்லியது. ஆகவே பள்ளத்தில்தான் வெள்ளைத் தளம் தரைக்கு அருகில் இருக்கும். கால்வாய்த் தண்ணீர் மேட்டில் ஏறுமா? ஏறாது. வயல் போட்டது எங்கே? அந்தச் சமவெளியிலும் பள்ளத்திலும்தான்!

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் மிஞ்சிய நீர் ஓடையில் சேர்ந்து, ஆற்றில் கலந்து, கடலுக்குப் போய்விடும். அந்தக் கால்வாய்ப் பகுதியில் கடலுக்குப் போகும் ஆறே கிடையாது. வடக்கே வரும் கக்கர் நதியும் பாலைவனத்திலேயே மறைந்துவிடுகிறது. அதன் வெள்ள நீரையும் மணல் மேடுகளின் இடையே உள்ள பள்ளங்களில் திருப்பி விட்டார்கள். படோபல் பக்கம் தண்ணீர் தேங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது மூன்று சாட்சியையும் சேர்த்துப் பாருங்கள். மேலே தண்ணீரைச் சட்டென்று குடிக்கும் மணல். கீழே தண்ணீரை விடாத தளம். சில இடங்களில் அது ஜிப்சம். சில இடங்களில் சுக்கான். சில இடங்களில் களி. பக்கத்தில் வடிகால் இல்லை. மேலே இருந்து கால்வாய்த் தண்ணீர் ஓயாமல் வருகிறது.

அடி ஓட்டை இல்லாத பூந்தொட்டியில் தினமும் தண்ணீர் ஊற்றினால் செடி என்ன ஆகும்?

தளத்தின் மேல் நிறைந்த நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் மண் வழியாக மேலே ஏறியது. வெயில் நீரைக் குடித்தது. உப்பு தரையில் தங்கியது.

பெயரில் என்ன இருக்கிறது?

வறண்ட நாட்டு மண்ணை மண் சாஸ்திரத்தில் 'அரிடிசால்' என்கிறார்கள். அதிலே ஜிப்சம் அடுக்கு உள்ள இனத்துக்கு 'ஜிப்சிட்' என்று பெயர். அடுக்கே இல்லாத வெறும் மணல் மேடு வேறு இனம். மேலே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். குழி வெட்டியவருக்குத்தான் வேற்றுமை தெரியும்.

"பெயர் வைப்பதால் விவசாயிக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். லாபம் உண்டு. ஒரு வயலுக்கு எவ்வளவு தண்ணீர் விடலாம், எதைப் பயிரிடலாம், வடிகால் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடும். டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்ன பிறகுதானே மருந்து எழுதுகிறார்?

எழுதப் படிக்காதவர்கள் கண்ட உண்மை

இனிமேல் சொல்லப் போவதுதான் இந்தக் கதையில் பெரிய அதிசயம்.

ஆய்வுக்கூடம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பாலைவனத்து மக்களுக்கு இந்த வெள்ளைத் தளம் தெரிந்திருந்தது. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே போய்க் குடியிருந்தார்கள். ஏன் தெரியுமா? அதுதான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது!

அவர்கள் தண்ணீரை மூன்றாகப் பிரித்தார்கள். மழையாகப் பெய்து தரையில் நிற்பது ஒன்று. பாதாளத்தில் கிடப்பது ஒன்று. அது பெரும்பாலும் உப்பு. வாயில் வைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே, மணலுக்குள் ஈரமாக நிற்பது மூன்றாவது. அதற்கு 'ரேஜாணி' தண்ணீர் என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள்.

வெள்ளைத் தளம் இருக்கும் இடத்தில் பெய்த மழை, மணல் வழியாக இறங்கி அந்தத் தளத்தின் மேல் ஈரமாக நின்றுவிடும். உப்பு நீரோடு கலக்காது. மேலே மணல் மூடி இருப்பதால் வெயிலும் அதை எளிதில் குடிக்க முடியாது.

அந்த ஈரத்தைப் பிடிக்கக் 'குயி' என்று ஒரு சிறு கிணறு தோண்டினார்கள். ஓர் ஆள் குந்தி வேலை செய்யும் அகலம்தான். ஆழமோ சில இடங்களில் 60 முழம் வரை போகும். தோண்டும் தொழிலாளிக்குச் 'சேஜாரோ' என்று பெயர். உள்ளே புழுங்கும். மூச்சு முட்டும். ஆகவே மேலே நிற்கிறவர்கள் கைப்பிடி மணலை வேகமாக வீசுவார்கள். மணலோடு குளிர்ந்த காற்றும் உள்ளே போகும். மணல் தாக்காமல் இருக்கத் தொழிலாளி தலையில் உலோகத் தொப்பி போல ஒன்றைக் கவிழ்த்துக்கொள்வார்.

தளத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுவார்கள். அதை உடைக்கவே மாட்டார்கள். உடைத்தால் நல்ல நீர் கீழே உள்ள உப்பு நீரில் போய்ச் சேர்ந்துவிடும்!

சுற்றிலும் உள்ள மணலில் இருந்து ஈரம் துளித் துளியாகக் கசிந்து சேரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம் கிடைக்கும். அவ்வளவுதான். ஆனால் அது இனிப்பான தண்ணீர்.

குயி ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். ஆனால் அது இருக்கும் இடம் ஊருக்குப் பொது. புதிதாக ஒன்று தோண்ட ஊராரின் சம்மதம் வேண்டும். ஏனென்றால் தளத்தின் மேல் நிற்கும் ஈரம் எல்லோருக்கும் சேர்ந்ததுதான். ஒருவர் அதிகம் எடுத்தால் மற்றவருக்குக் குறையும்.

அதே தளம்தான்! துளித் துளியாகத் தண்ணீர் வந்த காலத்தில் அது தாயாக இருந்து காப்பாற்றியது. வெள்ளமாகத் தண்ணீர் வந்தபோது வழியை அடைத்துக்கொண்டு நின்றது. தளம் மாறவில்லை. தண்ணீரின் அளவுதான் மாறியது.

பரிகாரம் என்ன?

கெட்டுப்போன நிலத்தைப் பார்த்துச் சும்மா இருந்துவிடவில்லை. ஜோத்பூரில் 1959-ல் ஏற்பட்ட மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் விஞ்ஞானிகள் இந்த மண்ணை ஆராய்ந்து வருகிறார்கள்.

முதல் பரிகாரம், தண்ணீரைக் குறைப்பது. கால்வாயின் முதல் கட்டத்தில் 1,000 ஏக்கருக்கு வினாடிக்கு 5.23 கன அடி நீர் என்று கணக்கு. இரண்டாம் கட்டத்தில் அதை 3 கன அடியாகக் குறைத்தார்கள்.

இரண்டாவது, மரம். கால்வாய் ஓரங்களில் தைலமரம் போன்றவற்றை வளர்த்தார்கள். நீரை உறிஞ்சுகிறது என்று நம் ஊரில் தைலமரத்தைத் திட்டுகிறோம் அல்லவா? அங்கே அந்தக் குணமே மருந்தாயிற்று. மரங்கள் நின்ற இடத்தில் நீர்மட்டம் இறங்கியது.

மூன்றாவது, பாய்ச்சலை விட்டுத் தெளிப்பு முறைக்கும் சொட்டு நீர் முறைக்கும் மாறுவது. நிறையத் தண்ணீர் கேட்கும் பயிரை விட்டுக் கடுகு, கடலை போன்றவற்றை வைப்பது.

நான்காவது, மண்ணுக்குள் குழாய் பதித்து மிஞ்சிய நீரை வடிப்பது. இதற்குச் செலவு அதிகம். வடித்த உப்பு நீரை எங்கே கொண்டு போய் விடுவது என்ற கஷ்டமும் இருக்கிறது. முதலிலேயே மண்ணை அறிந்து நீர் விட்டிருந்தால் இந்தச் செலவில் பெரும் பகுதி மிஞ்சியிருக்கும்.

நமக்கும் ஒரு பாடம்

நம் ஊரில் பாலைவனம் இல்லை. ஆனால் சுக்கான் உண்டு, களர் உண்டு, உவர் உண்டு. நிலம் வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கிறார்கள். நான்கு எல்லையையும் பார்க்கிறார்கள். கிணற்றில் நீர் ஊறுமா என்று கேட்கிறார்கள். ஐந்தாவது எல்லை ஒன்று இருக்கிறதே, அடியிலே! அதைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு குழி வெட்டினால் போதும். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிடி மண் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் போதும். தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே போகும் என்பது தெரிந்துவிடும்.

பாலைவனத்துச் சேஜாரோ பள்ளிக்கூடம் போனவர் அல்ல. ஆனாலும் வெள்ளைத் தளத்தைத் தொட்டதும் அவர் கை தானாக நின்றது. இதற்கு மேல் போகக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.